அங்கணமும் கிணறும்

திருக்குறளில் அவையறிதல் என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே ‘அங்கணம்’ என்றொரு சொல் வருகின்றது. தம்மோடு ஒவ்வாதார் அவையிற் சொல்லும் நல்லுரை, அங்கணத்தில் உகுத்த அமிழ்தத்தை ஒக்கும் என்பது கருத்து. பரிமேலழகர் இதற்குத் தூய்மையற்ற முற்றம் எனப் பொருள் கொண்டார். சாக்கடை என்பாரும் உளர். முப்பது ஆண்டுகளாக இவ்விரு பொருளையும் கரும்பலகையில் எழுதி வருகின்றேன். ஆயினும், அங்கணத்துள் முழங்கைவரை கையை விட்டது சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலேதான்.

சாட்டியில் எங்கள் வீட்டுக் குசினியிலே பாத்திரங் கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டது. (குசினி என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். அதனை அடுக்களை என்று திருத்தப்போய் வீட்டில் தோற்றவன் யான்.) முதல் நாள் என் தாயாரின் திவசம். வடை பொரித்த தாச்சியும் தேங்காய்ப்பாற் கறி வைத்த சட்டிகளும் அத்தொட்டியிலேதான் கழுவப்பட்டன. விடியற்காலையில் “இஞ்சாருங்கோ, தண்ணி இறங்குதில்லை” என்ற குரல் கேட்டது. சென்று பார்த்தேன். சோற்றுப் பருக்கைகள் மிதக்கும் கலங்கல் நீர் விளிம்புவரை நின்றது.

மருமகன் சைக்கிளில் போய்க் கொஸ்ரிக் சோடாப் பொதியொன்று வாங்கி வந்தார். “மாமா, இதைக் கொட்டிவிட்டால் அஞ்சு நிமிசத்திலை சரி” என்றார். பொதியைக் கையில் வாங்கிய யான் யன்னல் வழியே கிணற்றைப் பார்த்தேன். தொட்டியின் குழாய் சென்று விழும் குழிக்கும் அக்கிணற்றுக்கும் இடையே நிற்பவை இரண்டு வாழைகள் மாத்திரமே.

சாட்டி நன்னீருக்குப் பெயர்பெற்ற இடம். வேலணைத் தீவின் ஏனைய பகுதிகளிலும் அயல் தீவுகளிலும் கிணறு தோண்டினால் உவர் காணும் இடங்கள் பல. அங்குள்ளோர் சாட்டித் தண்ணீரைத் தேடி வருவதும், இங்கிருந்து நீர் பிற ஊர்களுக்குக் கொண்டுசெல்லப்படுவதும் யாவரும் அறிந்தவை. அந்நன்னீர் எங்கிருந்து வருகின்றது? மலையில்லை, ஆறில்லை. மாரியிற் பெய்த மழை மணலிலும் சுண்ணக்கல்லிலும் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் இலேசானது; கடல்நீர் பாரமானது. ஆதலால் நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. தாழ்ந்த தீவுகளில் அந்த ஓரடியே அரிது. நாம் குடிப்பதும் நாம் கழித்து ஊற்றுவது சென்று சேர்வதும் அந்த ஒரே வில்லைதான். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்தபோது குடாநாடு முழுதும் பட்ட கலக்கத்தை மறந்தார் யார்?

ஒரு பொதிக் காரம் ஒரு கிணற்றைக் கெடுத்துவிடும் என்று யான் வாதிட வரவில்லை. ஆயினும் இன்று இதனை இலகு வழியென்று கண்டால், ஒவ்வொரு திவசத்தின் மறுநாளும் ஒரு பொதி இறங்கும். ஊரில் எத்தனை வீடுகள்! அன்றியும் அக்காரம் நீரிற் கரையும்போது கொதிப்பேறும். தெறித்தாற் கண்ணைப் பறிக்கும். பிளாஸ்ரிக் குழாயையும் இளக்கக்கூடும். பொதியை அலுமாரியில் வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன்.

முதலிலே நீரை வாளியில் அள்ளினேன். துளை மூடுமளவு மாத்திரம் விட்டுவைத்தேன். பக்கத்து வழிதுளையை ஈரத்துணியால் அடைத்து, மரப்பிடி செருகிய றப்பர்க் கிண்ணத்தை வைத்து அழுத்தி அழுத்தி எடுத்தேன். இருபது தரம் குத்தியும் பயனில்லை. பின்பு தொட்டியின்கீழ் வாளியை வைத்து, வளைகுழாயின் சுரைகளைக் கையாலே திருகிக் கழற்றினேன். அவ்வளைவிலே எப்பொழுதும் சிறிது நீர் தங்கிநின்று குழியின் நாற்றத்தை மேலே வரவொட்டாது தடுக்கும். இவ்வுபாயத்துக்கு 1775இல் உரிமைப் பட்டயம் பெற்றவர், இலண்டனில் வாழ்ந்த அலெக்சாந்தர் கமிங் என்னும் கடிகாரத் தொழிலாளர். நாற்றத்தைத் தடுக்கும் அவ்வளைவே எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்கின்றது.

உள்ளே இருந்தது வெண்மையான, மெழுகுபோன்ற கட்டி. வெறும் எண்ணெய் அவ்வாறு இறுகாது. நம்முடைய சுண்ணக்கல் நீரிலுள்ள சுண்ணச்சத்து, எண்ணெயோடும் சவர்க்காரத்தோடும் கூடி நீரிற் கரையாத கட்டியாகின்றது. 2017இல் இலண்டன் வைற்சப்பலில் நிலத்தடிச் சாக்கடையிற் கண்ட கொழுப்புப் பாறையும் இவ்வினத்ததே. அதன் நீளம் 250 மீற்றர். நிறை 130 தொன். வேலையாட்கள் வாரக்கணக்கில் உடைத்தெடுத்தனர். அதிலொரு துண்டை மறுவருடம் நூதனசாலையிற் காட்சிக்கும் வைத்தனர். எங்கள் வீட்டுப் பாறை ஒரு தேங்காய்ச் சிரட்டையளவு. பனையீர்க்குக் கட்டொன்றைச் சுவருக்குட் செல்லும் குழாயில் விட்டுச் சுழற்ற, எஞ்சியதும் வந்தது. வளையங்கள் இடம் மாறாமற் பூட்டி, கை பொறுக்குமளவு சுடுநீர் ஊற்றினேன். ‘களக்’ என்ற ஒலியோடு நீர் இறங்கிற்று. அவ்வொலியைக் கேட்க மனைவியும் மருமகனும் வந்து நின்றனர்.

மணிமேகலையில் வஞ்சி நகரத்து அகழியைச் சாத்தனார் வருணிக்கும் இடத்தில், மகளிர் கூந்தல் கழுவிய நீர் சுருங்கைத் தூம்பு வழியே அகழியிற் சென்று கலப்பதைச் சொல்கின்றார். வீட்டில் கழித்த நீர் சென்று சேரும் இடத்தையும் பார்த்த புலவர் அவர். என் தாயாரும் பார்த்தவர். சாம்பலும் பொச்சும் கொண்டு சட்டி துலக்கி, அந்நீரைப் பின்முற்றத்து வாழைக்கு ஊற்றுவார். ஊற்றிய இடம் கண்முன்னே கிடந்தது. நாறினால் மூக்குச் சொல்லும். பரிமேலழகர் சொன்ன முற்றம் அதுவே என்று இப்பொழுது எனக்குப் படுகின்றது. குழாய் வந்தபின் அது கண்ணுக்கு மறைந்துவிட்டது.

இப்பொழுது எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டிகளைக் கழுவுமுன் பழைய பத்திரிகைத் தாளால் துடைத்து, அத்தாளைத் தென்னையடியிற் புதைக்கின்றோம். சென்ற வாரம் அவ்வாறு எடுத்த தாளொன்றில் என் பெயர் இருந்தது. வாசித்த பின்புதான் துடைத்ததாக மனைவி சொல்கின்றார்.