வாரம் இரண்டு தடவை

தாம்பரத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, சேலையூரோ சிட்லபாக்கமோ, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடந்து பாருங்கள். வாசலில் செம்பருத்தி, மாடியில் பூட்டிய அறைகள், உள்ளே வயோதிகத் தம்பதி அல்லது ஒற்றை ஆத்மா. பிள்ளை பெங்களூரிலோ அமெரிக்காவிலோ. "அம்மாவுக்கு என்ன குறை? பென்ஷன் வருகிறது, சமையலுக்கு ஆள் இருக்கிறது" என்று நாமும் சமாதானம் சொல்லிக் கொள்கிறோம்.

தற்கொலை என்றதும் பரீட்சையில் தவறிய மாணவனைத்தான் நினைக்கிறோம். ஆனால் உலகின் பெரும்பாலான பகுதிகளில் 70 வயதைத் தாண்டியவர்களிடையேதான் இந்த விகிதம் மிக அதிகம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2014-ல் தெரிவித்தது.

நம் நாட்டிலுமா என்று கேட்பீர்கள். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியார், அருகிலுள்ள கணியம்பாடி வட்டாரத்தில் 1994 தொடங்கிப் பல ஆண்டுகள், ஒவ்வொரு மரணத்துக்கும் காரணத்தை வீட்டிலேயே விசாரித்து எழுதினார்கள். 55 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆண்டுதோறும் லட்சத்துக்கு 189 பேர் இப்படிப் போயிருந்தார்கள்! தேசம் முழுவதற்கும், எல்லா வயதினருக்கும் சேர்த்து, அன்றைய போலீஸ் கணக்கு லட்சத்துக்குச் சுமார் 11 தான். ஊர் வாய்க்குப் பயந்து 'மாரடைப்பு' என்று முடிந்துவிடும் கதைகள் எத்தனையோ! இன்றும் அந்த வருடாந்தரக் கணக்கில் 60-க்கு மேல் எல்லோரும் ஒரே கட்டம். 61-ம் 85-ம் ஒன்றே.

சரி, இதைத் தடுக்க முடியுமா? இத்தாலியில் வெனெட்டோ மாகாணத்தில் ஒரு காரியம் செய்தார்கள். பயிற்சி பெற்றவர்கள், தனித்திருந்த முதியவர்களை வாரத்துக்குச் சுமார் இரண்டு தடவை டெலிபோனில் கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று பேசினார்கள். அவ்வளவுதான். 1988 முதல் 1998 வரை 18,641 பேர். ஏறக்குறைய 21 தற்கொலைகள் நிகழக்கூடும் என்று கணக்கு, நிகழ்ந்தவை 6.

பலன் பெண்களிடம்தான் நன்றாகத் தெரிந்தது. நம் வீட்டு அப்பாக்களும் போனை எடுத்தால் "இரு, அம்மாவிடம் கொடுக்கிறேன்" என்பவர்கள்தானே? அவர்களை நேரில்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

போகும்போது கவனியுங்கள். மருந்து தொடாமல் கிடக்கிறதா? பேப்பர் பிரிக்காமல் இருக்கிறதா? "இனி நான் யாருக்குப் பாரம்?" என்ற பேச்சு அடிக்கடி வருகிறதா? "வயசானால் அப்படித்தான்" என்று விடாதீர்கள். மனச்சோர்வு வியாதி, வைத்தியத்துக்குக் கட்டுப்படும். "சாக வேண்டும் போல் தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பலருக்குப் பாரம் இறங்கியது போலவே இருக்கும்.

பக்கத்து வீட்டு மாமிக்கும் பயன்படும், காலண்டர் ஓரத்தில் குறித்துக் கொள்ளுங்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் 'சிநேகா': 044-24640050. மத்திய அரசின் மனநல உதவி, 'டெலி மானஸ்': 14416. முதியோருக்கென்றே உள்ள உதவி எண்: 14567.