விட்டுப்போன பேக்கேஜ்கள்

டெபியன் லினக்ஸ் 11 வந்தது 2021-இல். 12 வந்தது 2023-இல். முன்னதில் இருந்து பின்னதில் நீங்கிய பேக்கேஜ்கள் எவை? இரண்டிலும் 50,000-க்கு மேல் பெயர்கள். கண்ணால் தேடினால் விடிந்துவிடும்!

ஒவ்வொரு பதிப்புக்கும் 'பேக்கேஜஸ்' என்ற கோப்பு உண்டு. அதிலிருந்து பெயர்களை மட்டும் உருவி, 'சார்ட்' கட்டளையால் வரிசைப்படுத்தி, இரண்டையும் 'காம் -23' கட்டளைக்குக் கொடுங்கள். பழையதில் மட்டும் உள்ளவை வந்து விழும். நாலே வரி ஷெல் ஸ்கிரிப்ட்! வரிசைப்படுத்தாமல் கொடுத்தால் விடை தப்பு.

பள்ளிக்கூடம் போகாத எங்கப்பாவிடம் சொன்னேன். "ஓட்டர் லிஸ்ட் மாதிரியா? வார்டு மாறிப் போனவன் பேரும் விட்டுப்போகுமேடா" என்றார். சரியான கேள்வி! பைத்தான் 2.7 நிஜமாகவே போய்விட்டது. பைத்தான் 2-க்கு ஆதரவு 2020-இலேயே முடிந்தது. ஆனால் 'லிப்எஸ்எஸ்எல்1.1' பட்டியலில் வந்தாலும், அதன் இடத்தில் 'லிப்எஸ்எஸ்எல்3' இருக்கிறது. இதை ஸ்கிரிப்ட் சொல்லாது, நாம்தான் பார்க்கணும்.

எதற்கு இந்தப் பாடு? பதிப்பை உயர்த்திய பிறகும் நீங்கிய பேக்கேஜ் நம் கணிப்பொறியில் கிடக்கலாம், வேலையும் செய்யும். பாதுகாப்பில் ஓட்டை விழுந்தால் அடைக்கத்தான் டெபியனில் ஆள் இருக்காது. ஆகவே 'டிபிகேஜி-கொயரி' தரும் பெயர்களையும் வரிசைப்படுத்தி, அந்தப் பட்டியலோடு இன்னொரு தடவை 'காம்' போடுங்கள்; இந்தத் தடவை '-12'. இரண்டிலும் உள்ளவை மட்டும் மிஞ்சும்.