குரங்குக்கும் பூர்வீகம் உண்டு

பிள்ளைகளே, நான் கார் நிக்கோபாரில் ஆசிரியராக இருக்கிறேன். சென்னையிலிருந்து வங்கக் கடலைத் தாண்டினால் அந்தமான். அங்கிருந்து தெற்கே பத்துப் பாகைக் கால்வாயைக் கடந்தால் முதலில் வரும் தீவு எங்களுடையது. சோழர் கல்வெட்டு ‘மாநக்கவாரம்’ என்று சொல்வது எங்கள் நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தைத்தான். எங்கள் தீவில் தென்னையும் தாழையும் கணக்கில்லாமல் உண்டு. பன்றியும் கோழியும் வீட்டுக்கு வீடு உண்டு. காட்டுக் குரங்கு மட்டும் ஒன்றுகூடக் கிடையாது.

போன விடுமுறைக்கு என் மாணவி ஒருத்தி கச்சால் தீவில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போய் வந்தாள். வந்ததும் வராததுமாகக் கேட்டாள்: “சார், அங்க தோப்புல குரங்கு இருக்கு. வால் இவ்ளோ நீளம்! அதுங்களுக்குப் பூர்வீகம் எது சார்?”

கச்சால் ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால், பூர்வீகம் இலங்கை மலைநாடு என்பார்கள். அதற்கும் முன்னால்? தமிழ்நாடு. பின்னால் போகப் போக ஊர் மாறும். குரங்குக்கும் அப்படித்தான். ஆனால் குரங்கு வாய் திறந்து சொல்லாது. அதன் உடம்புக்குள் எழுதியிருப்பதை நாம்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

அவள் பார்த்தது நிக்கோபார் நீள்வால் குரங்கு. நிக்கோபார் தீவுகளில் கச்சால், சிறிய நிக்கோபார், பெரிய நிக்கோபார் ஆகிய மூன்றில் மட்டுமே அது வாழ்கிறது. வால், உடம்பைவிட நீளம். கெட்டிக்காரக் குரங்கு, தின்னப்போவதை இலையில் சுற்றித் தேய்த்துத் துடைத்துத் தின்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த இனத்தின் சொந்தக்காரர்கள் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா எங்கும் பரவியிருக்கிறார்கள்.

இப்போது ஒரு சங்கதி. குதிரைக்கும் கழுதைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. அதற்குக் குட்டி பிறப்பது அரிதிலும் அரிது. அதனால் ‘வேறு வேறு இனங்கள் கலந்தால் வம்சம் தொடராது’ என்று பலரும் நினைத்துக்கொள்கிறோம். குரங்குகள் இந்த எண்ணத்தைப் பொய்யாக்கிவிட்டன.

எங்கள் தீவின் மூஸ் துறையில் கிழக்கே பார்த்து நின்றால், கடலுக்கு அப்பால் 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சற்றே வடக்கில், தாய்லாந்தின் கிரா பூசந்தி இருக்கிறது. இருபுறமும் கடல் நெருக்கும் ஒடுக்கமான நிலம் அது. அதற்கு வடக்கே தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் பகுதிகளில் நீள்வால் குரங்கும், வட இந்தியாவில் நாம் பார்க்கும் ரீசஸ் குரங்கும் சந்திக்கின்றன. ரீசஸின் வால் குட்டை. உடம்பில் பாதி இருந்தால் அதிகம். இரண்டும் கலந்து பிறந்த குட்டிகளுக்கு வால் இடைப்பட்ட நீளத்தில் இருக்கிறது. அந்தக் குட்டிகள் வளர்ந்து தாங்களும் குட்டி போடுகின்றன. வம்சம் தொடர்கிறது!

வாலை அளந்தால் மட்டும் போதாது. 2002இல் வெளியான ஓர் ஆய்வு மரபணுவைப் பார்த்தது. தந்தை மகனுக்கு மட்டும் கொடுப்பது ஒய் குரோமோசோம். தாய் மட்டுமே பிள்ளைகளுக்குக் கொடுப்பது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. கிரா பூசந்திக்கு வடக்கே உள்ள நீள்வால் குரங்குகளில் தாய்வழி டி.என்.ஏ. நீள்வாலுடையது; ஒய் குரோமோசோமோ ரீசஸைச் சேர்ந்தது! காரணம் இதுதான்: இந்தக் குரங்குகளில் பெண் பிறந்த கூட்டத்திலேயே இருந்துவிடும். ஆண்தான் வயது வந்ததும் கூட்டத்தை விட்டுக் கிளம்பி வேறு கூட்டம் தேடிப் போகும். ரீசஸ் ஆண்கள் நடந்த வழியெல்லாம் அவற்றின் ஒய் குரோமோசோமும் பரவிவிட்டது.

கலப்பு எப்போது நடந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கத்தரிக்கோல் எடுங்கள். 16 சென்டிமீட்டர் நீளத்தில் சிவப்புத் தாள் நாடா ஒன்று, நீல நாடா சில வெட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு ஓர் இனத்தின் குரோமோசோம், நீலம் இன்னோர் இனத்தினுடையது. முதல் கலப்புக் குட்டிக்குச் சிவப்பு ஒன்றும் நீலம் ஒன்றும் முழுசாகக் கிடைக்கும். அந்தக் குட்டி வளர்ந்து தன் பிள்ளைக்குக் கொடுக்கும்போது இரண்டும் துண்டு மாற்றிக்கொள்ளும். சிவப்பை நடுவில் வெட்டிப் பாதியோடு நீலத்தை ஒட்டுங்கள். சிவப்பு இப்போது 8 சென்டிமீட்டர். அடுத்த தலைமுறைக்கு அந்தச் சிவப்பை மறுபடி வெட்டி நீலத்தை ஒட்டுங்கள், 4 சென்டிமீட்டர். அதற்கடுத்து 2. உண்மையில் வெட்டு விழும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும். ஆனாலும் கணக்கு ஒன்றுதான்: துண்டு நீளமாக இருந்தால் கலப்பு அண்மையில் நடந்தது, பொடிப்பொடியாக இருந்தால் ரொம்பப் பழையது.

குரங்கின் டி.என்.ஏ.வைப் படிக்க அதைப் பிடித்துத் துன்புறுத்த வேண்டியதும் இல்லை. அதன் மலத்தில் குடலிலிருந்து உதிர்ந்த செல்கள் இருக்கும், அதிலேயே டி.என்.ஏ. கிடைத்துவிடும். வடகிழக்கு வங்கதேசத்தில் லங்கூர் என்னும் குரங்குகளின் 98 கூட்டங்களைப் பார்த்தவர்கள், அவற்றில் 8 கூட்டங்களில் இரண்டு இனங்கள் சேர்ந்து வாழ்வதைக் கண்டார்கள். கலப்பினம் போலத் தெரிந்த குரங்கு உண்மையிலேயே கலப்பினம்தான் என்று உறுதி செய்தது மலத்தில் கிடைத்த டி.என்.ஏ.தான்.

இப்போது என் மாணவியின் கேள்விக்கு வருவோம். 2023இல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 12 வகைக் குரங்குகளின் முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு. நீள்வால், ரீசஸ் ஆகியவை அடங்கிய குழுவே ஒரு பழைய கலப்பில் பிறந்தது என்று அது காட்டியது. கலந்தவை இரண்டு பழைய வம்சங்கள். ஒரு வம்சத்தில் வந்ததுதான் நம் கோயில் மதிலில் உட்கார்ந்து தேங்காய் மூடிக்குக் காத்திருக்கும் நாட்டுக்குரங்கு. இன்னொரு வம்சத்தில் வந்தது வால்பாறைச் சோலைகளில் வாழும் சிங்கவால் குரங்கு. கலப்பு நடந்து சுமார் 35 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன! எக்ஸ் குரோமோசோமில் இன்றைக்கும் இரு வம்சத்தின் பங்கும் சரிபாதியாக இருக்கிறது.

கவனியுங்கள்: நாட்டுக்குரங்கும் சிங்கவால் குரங்கும் கச்சால் குரங்கின் அப்பா அம்மா அல்ல. மூன்றுக்கும் முன்னோர் உறவு. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒன்று அப்பா வழிச் சொந்தம், மற்றொன்று அம்மா வழிச் சொந்தம் மாதிரி.

அப்படியானால் கலப்பு நல்லதா, கெட்டதா? இயற்கையில் அது பாவமும் இல்லை, குறையும் இல்லை. கலப்பிலிருந்துதான் ஒரு குழுவே பிறந்து ஆசியாவின் பல பகுதிகளுக்கும் பரவியிருக்கிறது. மனிதரும் விலக்கல்ல. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் நம் எல்லோர் மரபணுவிலும் சுமார் 2 சதவீதம் வரை நியாண்டர்தால் மனிதர்களுடையது. அதைப் படித்துச் சொன்ன ஸ்வாந்தே பாபோவுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. ‘நான் சுத்தமான வம்சம்’ என்று யாராவது பெருமை பேசினால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஆனால் நாம் கைவைப்பதால் நடக்கும் கலப்பு வேறு. முன்பெல்லாம் தபதி, கோதாவரி ஆறுகளுக்குத் தெற்கே நாட்டுக்குரங்கின் நாடு. வடக்கே ரீசஸின் நாடு. ஊருக்குள் தொல்லை என்று ரீசஸ் குரங்குகளைப் பிடித்து வேறு இடங்களில் விட்டார்கள். இன்று ரீசஸ் தெற்கே இறங்கிக்கொண்டே வருகிறது. நாட்டுக்குரங்கின் இடம் சுருங்குகிறது. இதைப் பற்றிப் பெங்களூர் ஆய்வாளர்கள் 2011இலேயே எச்சரித்தார்கள். லட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்ல நடந்ததை நாம் ஒரு லாரியில் ஏற்றி ஒரே நாளில் நடத்திவிடுகிறோம். இரண்டும் ஓரிடத்தில் கலந்தால் எளிய இனம் கரைந்து போகலாம்.

எங்கள் நிக்கோபார்க் குரங்குகள் மூன்றே தீவுகளில் தனித்து வாழ்பவை. 2004 சுனாமியில் அவற்றின் கரையோரக் காடுகளும் போயின. ஆசைக்கு வளர்க்கிறோம் என்று வெளியூர்க் குரங்கு ஒன்றைக் கப்பலில் கொண்டு வந்தால்கூட அந்தத் தனி வம்சத்துக்கு ஆபத்து. எங்கள் குரங்கை வேறு தீவுக்குக் கொண்டு போவதும் கூடாது. இதைத்தான் என் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

என் மாணவி கேட்டதற்குத் தாள் நாடாவை வைத்துத்தான் பதில் சொன்னேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அப்போ எங்க பாட்டி ஊர்க் கோயில்ல இருக்கிற குரங்கு, கச்சால் குரங்குக்குச் சொந்தமா சார்!”

ஆமாம் கண்ணு. கடல் தாண்டிய சொந்தம்.