தேயிலை மலையில் ஒரு சிறு விடுதி

இலங்கையின் ஊவா மாகாணத்தில் அப்புத்தளையிலிருந்து பதுளை நோக்கிப் பிரயாணம் செய்பவர், காப்பிச் செடியை இலைநோய் அழித்தபின் தேயிலை பரவிய காலத்தில் எழுந்த துரை பங்களாக்களையும், தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலைகளையும் மலைச்சரிவெங்கும் காண்பார். அவற்றுட் சில இந்நாளில் விருந்தினர் தங்கும் சிறு விடுதிகளாக உருமாறி வருகின்றன.

அம்மாற்றத்துக்குச் சிறந்த உதாரணம் ஊவாவின் அயலில், நுவரெலியா மாவட்டத்துக் கந்தப்பளையில் இருக்கிறது. அங்கே ஓய்ந்துகிடந்த ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோரை எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனத்தார் 1996இல் விடுதியாக்கினர். பறித்த கொழுந்தில் பெரும்பாகம் நீரே. அதில் ஒரு பகுதியைக் காற்றினாற் போக்கி, இலையை உருட்டுவதற்குப் பதமாக வாட்டும்பொருட்டே ஸ்டோரின் மேல்மாடிகள் நீளமாகவும் இருமருங்கும் ஜன்னல்கள் நெருங்கியனவாகவும் கட்டப்பட்டன. கொழுந்து இரவு முழுதும் பரந்து கிடந்த அம்மாடிகளே விருந்தினர் அறைகளாயின. பழைய யந்திரம் அகற்றப்படாது இன்றும் காட்சிக்கு நிற்கிறது. கட்டடம் செய்த தொழிலையே சௌகரியமாக மாற்றிய அந்த விவேகம் போற்றத்தக்கது.

ஊவாவில் விடுதி அமைப்போர் முதலில் ஆராயவேண்டியவை காற்றும் மழையுமே. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குப் புறத்தில் மழையைப் பொழிந்துவிட்டு, ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட கச்சானாக இப்பக்கம் இறங்குகிறது. ஊவாத் தேயிலையின் பிரசித்தமான வாசனை அவ்வறட்சியின் பயனே. ஆதலால் அக்காலத்துக்கு இறுகச் சாத்தும் ஜன்னல்களும், ஒக்டோபருக்குப் பின் வரும் வடகீழ்ப் பருவமழைக்குக் கணப்பும் கம்பளியும் வெந்நீரும், நனைந்த உடையை உலர்த்த ஒரு சூடான அறையும் இன்றியமையாதவை. நீச்சல் குளத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

துரையின் நாற்காலியையும் படத்தையும் மாத்திரம் வைத்தால் தேயிலையின் சரித்திரம் பாதியிலே நின்றுவிடும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். தமிழ்நாட்டிலிருந்து வந்து இம்மலைகளைத் திருத்திய மக்களின் லயன் குடியிருப்புகளையும், விடியற்காலையில் அவர்கள் பேர் கொடுத்த பிரட்டுக்களத்தையும், கொழுந்துக் கூடையையும் விளக்கிக் காட்டத் தோட்டத்திற் பிறந்தவர் ஒருவரையே தக்க சம்பளத்துடன் வழிகாட்டியாக நியமித்தல் வேண்டும். காலை உணவில் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் இடம்பெறல் வேண்டும்.

இவற்றோடு, நேர்வெயில் படாத ஜன்னலருகே தேநீர் ருசி பார்க்கும் மேசை ஒன்று அமைத்தால் செலவு அற்பம், பயன் அதிகம். நூறு மில்லிலீற்றர் கொதிநீருக்கு இரண்டு கிராம் தேயிலை, ஆறு நிமிஷ ஊறல் என்பது பரிசோதகர் கைக்கொள்ளும் அளவு. கச்சான் காலத்துத் தேயிலையையும் மழைக்காலத்துத் தேயிலையையும் அவ்வளவிலே ஊறவைத்து, பாலும் சீனியும் சேர்க்காமல் அருகருகே பரிமாறுவது நன்று.