சூளையின் உஷ்ணமும் உப்பு மெருகும்

ஊர்ச் சூளையில் வெந்த பானையில் ஜலம் குளிர்ந்திருப்பதும், அதே பானையில் வைத்த எண்ணெய் வெளியே கசிவதும் யாவரும் அறிந்ததே. இவ்விரண்டிற்கும் காரணம் அதன் நுண்ணிய துவாரங்களாகும்.

களிமண்ணோடு கலந்து நிற்கும் நீர் சுமார் 600 டிகிரி செண்டிகிரேட் உஷ்ணத்தில் நீங்கிவிடுகின்றது. அதன்பின் அம்மண் நீரில் கரையாது. ஆயினும் துவாரங்கள் அடைபடுவதில்லை. விறகும் வைக்கோலும் வராட்டியும் அடுக்கி எரிக்கும் சூளை பெரும்பாலும் 1000 டிகிரியை எட்டுவதில்லை. உஷ்ணம் 1200 டிகிரிக்கு மேற்பட்டால், தகுந்த களிமண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகித் துவாரங்களை அடைக்கின்றது. பாண்டம் கல்போல் இறுகி, தட்டினால் மணிபோல் ஒலிக்கின்றது.

இந்நிலையிலேதான் உப்பு பயன்படும். அடுப்பு வாயில்களில் சாதாரண உப்பைச் சிறிது சிறிதாக எறிந்தால், அது ஆவியாகிப் பாண்டங்களைச் சூழும். நீராவியின் சேர்க்கையால் உப்பு பிரிந்து, அதிலுள்ள ஸோடியம் மண்ணிலுள்ள ஸிலிகாவோடு கூடி, கிச்சிலிப் பழத் தோல்போல் சிறு குழிகளுள்ள பளபளப்பான படலமாகும். புளிப்பும் உப்பும் அப்படலத்தை எளிதில் அரிப்பதில்லை. ஜெர்மனியில் ரைன் நதிப் பிரதேசத்துக் குயவர்கள் 15-ஆம் நூற்றாண்டிலேயே இம்முறையைக் கையாண்டனர். லண்டன் லாம்பெத் பகுதியில் 1846-ல் ஹென்றி டௌல்டன் நிறுவிய தொழிற்சாலையில் கழிவுநீர்க் குழாய்களுக்கும் இம்மெருகு இடப்பட்டது.

ஆகவே உப்பு எறிந்தால் மட்டும் ஊர்ப் பானை ஜாடியாகிவிடாது. உஷ்ணம் போதாவிடில் உப்பும் விறகும் வீண் நஷ்டம். உஷ்ணத்தை மட்டும் உயர்த்தினாலோ, இரும்பும் சுண்ணாம்பும் மிகுந்த வண்டல் மண் வளைந்து உருகிப்போகும். உப்பின் ஆவி சூளைச் சுவரையும் அரிக்கும். புகையோடு வெளிப்படும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி நுரையீரலுக்குத் தீங்கு செய்யும். எனவே இச்சூளை வீடுகளுக்கு அருகே இருத்தல் கூடாது.

சங்கத்தார் இத்தகைய சூளைக்குப் பணம் ஒதுக்குமுன், உள்ளூர் மண்ணால் செய்த சில வில்லைகளை உயர்ந்த உஷ்ணமுள்ள சூளையொன்றில் சுட்டுப் பார்த்தல் நலம். வில்லை உருக்குலையாதிருக்க வேண்டும். அதை உலர்ந்தபடி நிறுத்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து, துடைத்து மீண்டும் நிறுக்க வேண்டும். எடை ஏறக்குறைய மாறாதிருப்பின் அம்மண் ஜாடிக்கு ஏற்றது. மிகுதியாக ஏறினால் தண்ணீர்ப் பானைக்கே உரியது. தண்ணீர்ப் பானையும் மதிப்பிற் குறைந்ததன்று; கோடையில் ஜாடி தராத குளிர்ச்சியை அது தருகின்றது.