பால் இல்லாத தட்டு, அடுப்பேறாத காய்

இட்லி, தோசை, சாம்பார், ரசம், பொரியல், சுண்டல், இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால், எள்ளுருண்டை. இந்த வரிசையில் மாட்டுப்பால் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் மேலே ஊற்றும் ஒரு கரண்டி நெய்யில் மட்டும்தான். அதை நிறுத்திவிட்டால் இந்த வரிசை அப்படியே நனிசைவ உணவாகிவிடுகிறது.

பால், தயிர், நெய், முட்டை, தேன் என்று விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சேர்க்காத உணவுமுறையைத்தான் நனிசைவம் என்கிறோம். இளைஞர்களிடம் வீகன் என்றால் உடனே புரியும். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் வீகன் சொசைட்டியைத் தொடங்கி இதற்கு ஓர் அமைப்பு வடிவம் தந்தார்கள். உயிர்களிடம் இரக்கம், சுற்றுச்சூழல் பற்றிய கவலை, பால் ஒத்துக்கொள்ளாத வயிறு, ரத்தத்தில் கொழுப்பு என்று ஆளுக்கொரு காரணத்தோடு மக்கள் இதற்கு வருகிறார்கள். சிலர் ஒரு படி மேலே போய், அடுப்பேற்றாத பச்சை உணவையும் விரும்புகிறார்கள். இரண்டையும் நான் வரவேற்கிறேன். நனிசைவத்தை, சரியாகத் திட்டமிட்டால், ஆயுள் முழுக்கக் கடைப்பிடிக்கலாம். பச்சை உணவு தட்டில் ஒரு பங்காக இருக்கும்வரை நல்லது. முழுத் தட்டையும் அது பிடித்துக்கொள்ளக் கூடாது.

தயிரை என்ன செய்வது?

நனிசைவத்துக்கு மாறும் தமிழர்கள் பலருக்குப் பாலைவிடத் தயிரை விடுவதுதான் கஷ்டம். கடைசியில் ஒரு பிடி தயிர்சாதம் சாப்பிடாமல் கை கழுவ மனம் வராது. அதற்கு வேர்க்கடலைத் தயிர் கைகொடுக்கும்.

ஒரு கப் பச்சை வேர்க்கடலையை ஆறு மணி நேரம் ஊறவைத்துத் தோலை நீக்குங்கள். மூன்று கப் தண்ணீர் விட்டு நைசாக அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அந்தப் பாலை அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டு, இளஞ்சூட்டுக்கு வந்ததும் காம்போடு நாலைந்து பச்சை மிளகாயைப் போட்டு மூடிவையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஓர் இரவில் உறைந்துவிடும். அடுத்த முறைக்கு மிளகாய் தேவையில்லை. முதல் தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றலாம். முதல் நாள் கடலை வாசனை கொஞ்சம் தெரியும். கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து, துருவிய மாங்காயும் சேர்த்துச் சாதத்தில் பிசைந்து பாருங்கள், பிள்ளைகளே கேட்டு வாங்குவார்கள்.

பாயசத்துக்குத் தேங்காய்ப்பால் இருக்கவே இருக்கிறது. பச்சடிக்கும் அதுவே போதும். அவியலில் தயிருக்குப் பதில் மாங்காய்த் துண்டுகளைப் போட்டால் புளிப்பு சரியாக நிற்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். தேங்காயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். நெய்யை விட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் மூன்று வேளையும் தேங்காய்ப்பால் ஊற்றினால், எந்தக் கொழுப்பைக் குறைக்க நினைத்தோமோ அது குறையாது.

பாலை நிறுத்தினால் கால்சியத்துக்கு எங்கே போவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் 120 மில்லிகிராம்தான். தோல் நீக்காத எள்ளிலும் முருங்கைக் கீரையிலும் கால்சியம் நிறைய உண்டு. காலையில் கேழ்வரகுக் கூழோ அடையோ, மதியம் முருங்கைக்கீரைப் பொரியல், மாலையில் ஓர் எள்ளுருண்டை என்று வைத்துக்கொண்டால் தேவையில் பெரும்பகுதி நிறைந்துவிடும். பாலக் கீரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட், கால்சியத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாது.

பச்சையாக எதைத் தின்னலாம்?

சமைக்காத உணவு நமக்குப் புதிதல்ல. ராமநவமிக்கு ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரியும் மாங்காயும் தேங்காய்த் துருவலும் கலந்து தருகிறோமே, அந்த வடைப்பருப்பு முழுமையான பச்சை உணவு. கூடவே தரும் பானகத்திலும் பால் இல்லை. நெல்லிக்காய், கொய்யா, நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்த வாழைத்தண்டு என்று எத்தனையோ இருக்கின்றன. தென்காசி மாவட்டம் சிவசைலத்திலுள்ள நல்வாழ்வு ஆசிரமம் தேங்காயும் பழமுமாக இயற்கை உணவைப் பல ஆண்டுகளாகப் பரப்பி வருகிறது.

பச்சையாகத் தின்பதில் உண்மையான லாபம் உண்டு. வைட்டமின் சி சூட்டில் அழியும். கொதிக்கும் நீரிலும் கரைந்து போகும். நார்ச்சத்து முழுதாகக் கிடைக்கும், நன்றாக மென்று தின்பதால் வயிறும் சீக்கிரம் நிறையும். ஆனால் சமைத்தால் சத்தெல்லாம் செத்துவிடும் என்று சொல்வது தவறு. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினையும் தக்காளியில் உள்ள லைகோபீனையும், கொஞ்சம் எண்ணெய் விட்டு வேகவைத்தால்தான் உடல் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. மரவள்ளிக்கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. ராஜ்மாவைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ தின்றால் வாந்தியும் பேதியும் நிச்சயம். சேனையும் சேம்பும் நாக்கை அரிப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அடுப்பு வேண்டிய பொருளுக்கு அடுப்பு வேண்டும்.

முழுக்கப் பச்சை உணவிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களிடம் ஜெர்மனியில் ஆய்வு செய்து 1999-ல் வெளியிட்டார்கள். பலருக்கு எடை மிகவும் குறைந்திருந்தது. 45 வயதுக்கு உட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மாதவிடாய் தவறியிருந்தது அல்லது அடியோடு நின்றிருந்தது. காந்தியடிகளும் 1929-ல் சமைக்காத உணவைப் பரிசோதித்து, அதைப் பற்றி ‘யங் இந்தியா’வில் எழுதினார். சில மாதங்களில் உடல்நலம் கெட்டுப் பரிசோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. அவ்வளவு கட்டுப்பாடான மனிதராலேயே தொடர முடியவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒரு வேளைத் தட்டில் மூன்றில் ஒரு பங்கு பச்சைக் காயும் பழமும், மீதிக்குச் சமைத்த தானியம், பருப்பு, கீரை. என் பரிந்துரை இதுதான்.

கழுவுவதில் சோம்பல் கூடாது

பச்சை உணவில் நான் மிகவும் பயப்படுவது கிருமிகளுக்கும் புழு முட்டைகளுக்கும்தான். கழிவுநீர் பாய்ந்த தோட்டத்துக் காய்களில் நாடாப்புழுவின் முட்டைகள் ஒட்டியிருக்கலாம். அவை வயிற்றுக்குள் போனால், குஞ்சுப்புழுக்கள் ரத்தம் வழியாக மூளைக்குச் சென்று கட்டிகளாகத் தங்கும். நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் என்ற இந்த நோய், நம் நாட்டில் வலிப்பு வருவதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று. பன்றி இறைச்சி தின்பவர்களுக்குத்தான் வரும் என்று நினைத்து அசட்டையாக இருக்காதீர்கள். இறைச்சியைத் தொட்டே இராத சைவர்களுக்கும், கழுவாத காய் வழியாகவோ, நாடாப்புழு உள்ளவர் சுத்தமில்லாத கையால் தொட்ட உணவு வழியாகவோ இது வருகிறது.

முட்டைக்கோஸின் வெளி இதழ்களை எடுத்து எறிந்துவிட்டு, உள்ளிதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். உப்புத் தண்ணீரில் முக்கி எடுப்பது மட்டும் போதாது. நான் முட்டைக்கோஸைப் பச்சையாகப் பரிந்துரைப்பதே இல்லை. ஆவியில் நன்றாக வேகவைத்துவிட்டால் கவலை தீர்ந்தது. தோல் சீவக்கூடிய வெள்ளரி, கேரட், பீட்ரூட் போன்றவை பாதுகாப்பானவை. அவற்றையும் முதலில் கழுவிவிட்டுச் சீவுங்கள்.

முளைகட்டிய பயறு சத்தானது, செரிமானத்துக்கும் எளிது. ஆனால் விதை முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் பாக்டீரியா பெருகவும் வசதியானவை. 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளைகள் வழியாகப் பரவிய ஈ.கோலி கிருமியால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முளைகட்டும் துணியைத் தினமும் துவைத்துக் காயவையுங்கள், தண்ணீரைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். கொழகொழப்போ புளித்த வாடையோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள் ஆகியோர் முளைப்பயறை நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

ஓட்டலில் உட்காரும்போது

வெளியே சாப்பிடுகையில் “வீகன்” என்று சொன்னால், “எல்லாமே ப்யூர் வெஜ்தாங்க” என்ற பதில்தான் பெரும்பாலான ஓட்டல்களில் கிடைக்கும். அதைவிட, “நெய், வெண்ணெய், தயிர், மோர், பால் எதுவும் சேராம வேணும்ணா, தோசைக்கு எண்ணெய் ஊத்தச் சொல்லுங்க” என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சர்வருக்கும் மாஸ்டருக்கும் அது தெளிவாகப் புரியும். கூட்டமில்லாத நேரத்தில் போனால் இன்னும் பொறுமையாகச் செய்து தருவார்கள்.

இட்லி, மெதுவடை, எண்ணெயில் சுட்ட சாதாரண தோசை, புட்டு, தேங்காய்ப்பாலோடு ஆப்பம், இடியாப்பம் ஆகியவற்றைத் துணிந்து கேட்கலாம். வெண்பொங்கலைத் தொடவே வேண்டாம். நெய் இல்லாமல் பொங்கல் செய்யும் ஓட்டல் அரிது. ரவா தோசை மாவில் சில இடங்களில் மோர் கலக்கிறார்கள். மோர்மிளகாய் பெயரிலேயே சொல்லிவிடுகிறது, ஆனாலும் சாப்பாட்டு இலையில் வைக்கும்போது மறந்துவிடுவோம். நானில் தயிரோ பாலோ உண்டு. வெஜிடபிள் பிரியாணியில் தயிரும் நெய்யும் வழக்கம். பரோட்டா மாவில் பால், முட்டை சேர்ப்பது கடைக்குக் கடை மாறும், கேட்டால்தான் தெரியும். மதியச் சாப்பாட்டில் சாதம், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், பொரியல் என்று நிறைவாகவே சாப்பிடலாம். பருப்புப்பொடிக்கு நெய் ஊற்ற வருபவரிடம் நல்லெண்ணெய் கேளுங்கள், ருசியில் குறையே தெரியாது.

ஜூஸ் கடையில் முன்கூட்டியே “பால் வேண்டாம், ஐஸ் வேண்டாம், சர்க்கரை வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். நம் ஊரில் ஆப்பிள், சப்போட்டா ஜூஸ் என்றாலே பால் ஊற்றித்தான் அடிப்பார்கள். ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்ததோ யாருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் நறுக்கி வைத்த பழத்தட்டு வேண்டாம். ஈயும் தூசியும் கத்தியின் அழுக்கும் சேர்ந்து வரும். வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீர், அவித்த வேர்க்கடலை, வேகவைத்த சோளம் எல்லாம் நம்பி வாங்கலாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒரு பாக்கெட் பையில் இருந்தால் எந்த ரயில் பயணத்திலும் பசி தாங்கும். டீக்கடையில் சுக்குமல்லி காபியோ லெமன் டீயோ கிடைக்கும்.

பாக்கெட் பண்டங்களில் பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாற வேண்டாம், பால் சேர்ந்த பொருளுக்கும் அதே புள்ளிதான். 2022-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நனிசைவ உணவுக்கெனத் தனி விதிகள் கொண்டுவந்தது. இலையோடு கூடிய பச்சை நிற ‘வி’ முத்திரை இருந்தால் அதில் பால் கிடையாது. முத்திரை இல்லாவிட்டால் பின்பக்கத்தில் மில்க் சாலிட்ஸ், வே, கேசின் என்ற பெயர்களைத் தேடுங்கள். மூன்றும் பால்தான்.

பி12: இதில் மட்டும் சமரசம் வேண்டாம்

காந்தியடிகள் 1912-ல் பாலைக் கைவிட்டார். பின்னர் கடும் நோய்வாய்ப்பட்டு ஆட்டுப்பாலுக்குச் சம்மதித்தார். பாலுக்கு மாற்றாக ஒரு தாவர உணவைக் கண்டுபிடித்துத் தரும்படி மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டார். வைட்டமின் பி12 தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது அவர் மறைந்த 1948-ல்தான். அவர் காலத்தில் யாருக்கும் தெரியாதது இன்று நமக்குத் தெரியும்.

பி12-ஐத் தாவரங்கள் உண்டாக்குவதில்லை, பாக்டீரியாக்களே உண்டாக்குகின்றன. கீரை, முளைப்பயறு, வேர்க்கடலைத் தயிர், பழைய சோறு எதையும் இதற்கு நம்ப முடியாது. தேவை ஒரு நாளைக்கு இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல்தான். கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கும் என்பதால், “மூணு வருஷமா எனக்கு ஒண்ணும் ஆகலையே” என்று பலர் சொல்கிறார்கள். சேமிப்பு தீர்ந்த பிறகு கை கால் மரத்துப்போவது, நாக்குப் புண், தீராத களைப்பு, மறதி, நடையில் தள்ளாட்டம் என்று வரும். நரம்புச் சேதம் முற்றினால் முழுதாகத் திரும்பாது. கீரையும் காயும் தரும் ஃபோலிக் அமிலம் ரத்தசோகையை மறைத்துவிடக்கூடும் என்பதால், ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். பி12 மாத்திரையை, அளவை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் விலங்கு ஜெலட்டின், வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுப்பது. இவற்றுக்குத் தாவர வகைகள் உண்டு, மருந்துக் கடையில் கேட்டு வாங்கலாம்.

இரும்புச்சத்துக்கு ஒரு சின்னப் பழக்கம் போதும். கீரை, பருப்போடு எலுமிச்சையோ நெல்லியோ சேருங்கள். சாப்பிட்ட உடனே காபி, டீ குடிக்காதீர்கள். இந்துப்புக்கு மாறியவர்கள் அதில் அயோடின் சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சில நோயாளிகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். சிறுநீரக நோயாளிகள் இளநீர், வாழைப்பழம், பச்சைக் காய்ச்சாறு எதையும் மருத்துவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயம் நிற்கும் ஆபத்து உண்டு. நட்சத்திரப் பழம் அவர்களுக்கு நஞ்சு. சர்க்கரை நோயாளிகள் பழத்தைக் கடித்துத் தின்னட்டும், சாறாக்க வேண்டாம். பனைவெல்லமும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டக் கூடாது.

நனிசைவத் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் உங்கள் உடலில் பி12 குறைந்தால் குழந்தைக்கும் குறையும், அதன் மூளை வளர்ச்சி பின்தங்கும். ஒரு வயதுக்கு முன் தாய்ப்பாலுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலோ பாதாம் பாலோ கொடுக்கவே கூடாது. கர்ப்பம் உறுதியான உடனே மகப்பேறு மருத்துவரிடம் உங்கள் உணவுமுறையைச் சொல்லி, பி12 பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.