சொட்டுநீர் மானியம்: சிறு விவசாயிக்கு மிஞ்சுவது என்ன?

தமிழ்நாட்டில் ஐந்து ஏக்கருக்குள் நிலம் வைத்திருப்பவர் சொட்டுநீர்ப் பாசனம் அமைத்தால், அரசு நிர்ணயித்த செலவு முழுவதும் மானியம். அதற்கு மேல் நிலம் உள்ளவருக்கு 75 சதவீதம். 2015-16இல் தொடங்கிய ‘ஒரு துளியில் அதிகப் பயிர்’ என்ற மத்திய திட்டத்தின் விதிப்படி சிறு, குறு விவசாயிக்குக் கிடைக்க வேண்டியது 55 சதவீதம்தான். அதை நூறாக்குவது மாநில அரசின் பணம். இந்தக் கூடுதல் தொகை இல்லாவிட்டால் திட்டம் பெரிய தோட்டக்காரர்களோடு நின்றிருக்கும். நெருக்கி நடும் காய்கறிக்கு ஒரு ஹெக்டேருக்குக் குழாய் விரிக்க ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒருவர் சாகுபடி செய்யும் நிலம் சராசரியாக முக்கால் ஹெக்டேர். நில உடைமைகளில் 93 சதவீதம் சிறு, குறு விவசாயிகளுடையவை. இவர்களிடம் பாதிச் செலவைக் கேட்டாலும் கடன் வாங்கித்தான் கட்டுவார்கள்.

மானியம் வாங்கியவருக்கு லாபம் எங்கிருந்து வருகிறது? தண்ணீர் மிச்சமானால் கரண்ட் செலவு குறையும் என்ற கணக்கு இங்கே பொருந்தாது. சிறு விவசாயிகளின் பம்புசெட்டுக்கு 1984 முதலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990 முதலும் மின்சாரம் இலவசம். லாபம் முதலில் கூலியில் தெரிகிறது. செடியின் தூரில் மட்டும் ஈரம் இருப்பதால் களை குறைகிறது. பாத்தி கட்டவும் மடை திருப்பவும் ஆள் தேட வேண்டியதில்லை. உரத்தைக் கரைத்து, வென்ச்சுரி என்ற உறிஞ்சு கருவி வழியாகக் குழாயில் விடுவதால் வேருக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. இவற்றைவிடப் பெரிய பலன் கோடையில் கிடைக்கிறது. ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் வற்றிவிடும் கிணற்றை வைத்து, வாய்க்காலில் அரை ஏக்கர் நனைப்பதே பாடு. அதே தண்ணீர் குழாய் வழியாகப் போனால் கூடுதல் நிலம் நனையும், நின்ற பயிர் காயாமல் அறுவடைக்கு வரும். மிச்சமான தண்ணீரைவிட, தப்பிய அந்தப் போகம்தான் குடும்பத்துக்கு வருமானம்.

ஆனால் குழாய் போட முதலில் கிணறு வேண்டும். கிணறோ போரோ இல்லாத மானாவாரி விவசாயிக்கு இந்த மானியத்தால் நேரடிப் பயன் இல்லை. இதன் துணைத் திட்டத்தில் போர் போட 25,000 ரூபாய் வரை உதவி உண்டு. அதுவும் நிலத்தடி நீர் பாதுகாப்பாக உள்ள பகுதிகளில் மட்டும். அடுத்த தடை காகிதம். சிட்டா, அடங்கல், சிறு-குறு விவசாயி சான்று எல்லாம் விண்ணப்பதாரர் பெயரில் இருக்க வேண்டும். தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டாவும், பங்காளிகள் நாலு பேர் சேர்ந்த கூட்டுப்பட்டாவும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. குத்தகைதாரர் என்றால் ஏழு ஆண்டு ஒப்பந்தம் காட்ட வேண்டும். இங்கே குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று உரிமையாளர் பயப்படுகிறார். உழைப்பவர் ஒருவர், விண்ணப்பிக்கத் தகுதியுள்ளவர் வேறொருவர். இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்.

இன்னொரு கவலை நிலத்துக்கு அடியில் இருக்கிறது. தமிழகத்தின் பாசனப் பரப்பில் பாதிக்கு மேல் கிணறுகளையும் ஆழ்குழாய்களையும் நம்பியிருக்கிறது. 2020 நிலத்தடி நீர் மதிப்பீட்டில் 1,166 குறுவட்டங்களில் 435 அளவுக்கு மீறித் தண்ணீர் எடுக்கப்பட்டவை. ஒரு ஏக்கரில் மிச்சமாகும் தண்ணீரை விவசாயி அடுத்த ஏக்கருக்கு விடுவார், அல்லது வாழை, கரும்பு என்று தண்ணீர் அதிகம் கேட்கும் பயிருக்கு மாறுவார். அவர் கணக்கில் அது நியாயம். நீர்மட்டம் மட்டும் உயராது. அது இறங்கினால் போரை ஆழப்படுத்தக் கடன் வாங்கும் முதல் ஆளும், அந்தக் கடனில் மூழ்கும் முதல் ஆளும் சிறு விவசாயிதான்.

விளைச்சல் கூடினால் வருமானமும் கூடும் என்பதும் உறுதியில்லை. ஒட்டன்சத்திரத்திலோ ராயக்கோட்டையிலோ தக்காளி வரத்து குவியும் வாரங்களில் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூட விலை கட்டாது. குழாய்க்கு மானியம் தந்த அரசு, சேமிப்புக் கிடங்குக்கும் கொள்முதலுக்கும் அதே அக்கறை காட்டாவிட்டால் கூடுதல் விளைச்சல் வியாபாரிக்கே ஆதாயம்.

பராமரிப்பும் செலவுதான். உப்புத் தண்ணீரில் டிரிப்பர் அடைத்துக்கொள்ளும். எலியும் அணிலும் டியூப்பைக் கடிக்கும். பொருத்திவிட்டுப் போன நிறுவனம் திரும்ப வராவிட்டால் டியூப் சுருட்டி வரப்பில் கிடக்கும், வயலில் மறுபடி வாய்க்கால் ஓடும். அரசு எத்தனை ஹெக்டேருக்குக் குழாய் போட்டோம் என்று கணக்குச் சொல்கிறது. மூன்றாம் ஆண்டில் எத்தனை ஹெக்டேரில் அது ஓடுகிறது என்றும் சொல்ல வேண்டும். வாய்மொழிக் குத்தகைதாரரை ஊர் அளவில் உறுதிசெய்து திட்டத்தில் சேர்க்க ஒரு வழியும் வேண்டும்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றும் வேலையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். கிணற்று நீரைப் பரிசோதித்து, அதற்கேற்ற ஃபில்டரைக் கேட்டு வாங்குங்கள். பழைய குழாய் போட்டு ஏழு ஆண்டு ஆகியிருந்தால் அதே நிலத்துக்கு மறுபடி மானியம் கேட்கலாம். வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரியுங்கள்.